குப்பைத் தொட்டியை எட்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இதழில் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்த பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, பார்க்க வைக்கப்பட்டேன். என் தங்கை மகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தாள். "பெரியம்மா, இன்ஜினியரிங் சேரப் போறேன். இதுல மேல இருக்கிற பத்துல நாலு எனக்குக் கிடைக்கும்போல இருக்கு. எது முதல்ல வருதோ அதையே எடுத்துக்கவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பவள் அவள் ஒருத்தி மட்டும் இருக்க மாட்டாள் அல்லவா?

நான் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் புதிதாக ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவிலும் இருந்தேன். எனவே எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அங்கிருந்து வெளியே வந்த பிள்ளைகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்ட அனுபவம் மட்டும் உண்டு.

தரவரிசை பொய் என்று சொல்ல வரவில்லை. அது எதை அளக்கிறது என்பதை உங்கள் பக்கம் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். 2003-இல் சீனாவின் ஷாங்காயில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழகப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தவர்களும் பணியாற்றுபவர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு 30 மதிப்பெண். நேச்சர், சயின்ஸ் என்ற இரண்டு அறிவியல் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20. க்யூ.எஸ். என்ற இன்னொரு உலகப் பட்டியலில் மற்ற பேராசிரியர்களிடம் "உங்கள் துறையில் சிறந்த இடம் எது?" என்று கேட்டு வாங்கும் கருத்துக்கு மட்டும் பல ஆண்டுகள் 40 விழுக்காடு கொடுத்துவந்தார்கள், 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் அதை 30 ஆக்கினார்கள். ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு இவை தேவையான எண்களாக இருக்கலாம். முதல் செமஸ்டரில் ஸ்டாட்டிக்ஸ் (அசையாத பொருள்மீது செயல்படும் விசைகளைப் பற்றிய பாடம்) வகுப்பில் உட்காரப்போகும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு? நோபல் வாங்கியவர் அவளுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. எடுக்கப் போவது யார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், வீட்டுக் கணக்கைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார்களா, இவற்றுக்கெல்லாம் அந்தப் பட்டியல்களில் இடமே இல்லை.

இடம் கொடுக்கும் பட்டியல்களிலும் எண்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே எழுதிக் கொடுக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்தது நினைவிருக்கும். அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் ஒரு பிரபலத் தரவரிசைக்குக் கொடுத்த எண்களை உட்கார்ந்து சரிபார்த்தார். இருபது பேருக்கும் குறைவான வகுப்புகள் நூற்றுக்கு 80-க்கு மேல் என்று கொடுத்திருந்தார்கள். பிறகு பல்கலைக்கழகமே திருத்தி வெளியிட்ட கணக்கில் அது 57 அளவுக்கு இறங்கியது. இரண்டாம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் பதினெட்டாம் இடத்துக்குப் போனது. அந்த ஓராண்டில் அங்கே ஒரு வகுப்பறை இடியவில்லை, ஓர் ஆசிரியர் மாறவில்லை. மாறியது எண்.

இனி நேர்காணலுக்கு வருகிறேன். நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, "இதை முறுக்கி உடைத்தால் எப்படி உடையும்?" என்பேன். வளைத்து அல்ல, முறுக்கி. சாக்பீஸ் குறுக்கே நேராக உடையாது. நாற்பத்தைந்து டிகிரியில் சுருள்போலச் சாய்ந்து உடையும். வார்ப்பிரும்பும் அப்படித்தான். உடையும் முன் நீண்டு கொடுக்கும் மைல்டு ஸ்டீலை (சாதாரண மென் எஃகை) முறுக்கினால் தட்டையாக, குறுக்காக அறுபடும். எங்கள் தொழிலில் தண்டு உடைந்து வரும்போது முனையைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு பையன்கள் வந்தார்கள். முதலாமவன் எல்லாப் பட்டியலிலும் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து. கரும்பலகையில் முதன்மைத் தகைவுகளுக்கான (பொருளுக்குள் எந்தத் திசையில் இழுப்பு அதிகம் என்று காட்டும்) சமன்பாட்டை அழகாக எழுதினான். "சரி, இப்போ எப்படி உடையும்?" என்றேன். "ரெண்டா உடையும், மேடம்" என்றான். இரண்டாமவன் படித்த இடத்தின் பெயரை எங்கள் குழுவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சாக்பீஸைத் தொடாமலே, "சாய்வா உடையும். எங்க லேப்ல காஸ்ட் அயர்ன் பீஸ் அப்படி உடைஞ்சு கிடக்கும். ஏன்னு கேட்டா சார்கிட்ட திட்டு விழும், அதனால நாங்களே படிச்சுக்கிட்டோம்" என்றான். குழுவில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கதை இதோடு முடிந்தால் சொல்பவளுக்கு வசதி. ஆனால் முதலாமவன் அதற்குள் சாக்பீஸை முறுக்கி உடைத்துப் பார்த்துவிட்டு, தான் எழுதிய சமன்பாட்டையே காட்டி, ஏன் அந்தக் கோணம் என்று என்னைவிடத் தெளிவாக விளக்கினான். இருவரையும் எடுத்துக்கொண்டோம். எனக்கு உறுத்தியது வேறொன்று. நான்கு ஆண்டுகளில் யாரும் அவனுக்கு ஒரு சாக்பீஸைக்கூடக் கொடுக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரப் பையனுக்கு!

இப்போது என் சொந்தத் தவறு. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் மகனைச் சேர்த்தபோது நானும் பட்டியலைத்தான் பார்த்தேன். விளம்பரத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கே தோன்றவில்லை. படித்து முடித்து வேலையில் சேர்ந்து, வேறொரு நாட்டில் பதிவுபெற்ற பொறியாளராக விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது: அங்கீகாரம் இருந்தது பல்கலைக்கழகத்துக்கும் வேறு மூன்று துறைகளுக்கும். அவன் துறைக்கு முன்பு இருந்து, அவன் படித்து முடிக்கும் முன்பே காலாவதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் தேடி எடுத்து, முத்திரை வாங்கி, தனிநபர் மதிப்பீட்டுக்கு அனுப்பி, பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. இரண்டு பாடங்களின் சிலபஸ் அந்தத் துறையிடமே இல்லை. மகன்தான் தன் பழைய நோட்டிலிருந்து எழுதிக் கொடுத்தான்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு, ஆசிரியர் அவர்களே. கல்லூரி நடத்த அரசு கொடுக்கும் அனுமதியையும் அங்கீகாரம் என்கிறோம். ஒரு குறிப்பிட்ட படிப்பின் தரத்தைப் பரிசோதித்துக் கொடுக்கும் சான்றையும் அங்கீகாரம் என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. முன்னது இல்லாமல் கதவே திறக்க முடியாது. அதைப் பெருமையாக விளம்பரம் செய்ய ஒன்றுமில்லை. பின்னதுதான் நாம் கேட்க வேண்டியது. உங்கள் பக்கத்திலும் இரண்டும் ஒரே சொல்லாகத்தான் வந்திருக்கின்றன.

பின்னதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1989-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் வாஷிங்டன் ஒப்பந்தம் என்ற ஒன்றைச் செய்துகொண்டன. ஓர் உறுப்பு அமைப்பு தரச்சான்று கொடுத்த இளநிலைப் பொறியியல் படிப்பை மற்ற உறுப்பினர்கள் தங்கள் படிப்புக்கு இணையாக ஏற்பார்கள் என்பது அதன் சாரம். சிங்கப்பூர் 2006-லும் மலேசியா 2009-லும் இந்தியாவும் இலங்கையும் 2014-லும் அதில் முழு உறுப்பினராயின. உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் இந்த நான்கில் ஒரு நாட்டில்தான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். எனவே இது யாருக்கோ நடக்கும் கதை இல்லை.

கவனிக்க வேண்டியது, சான்று படிப்புக்குத்தான், பல்கலைக்கழகத்துக்கு இல்லை. ஒரே கட்டடத்தில் சிவிலுக்கு இருக்கும், பக்கத்து மாடியில் இருக்கும் புதுப் பெயர் கொண்ட படிப்புக்கு இருக்காது. சான்றுக்கு ஆண்டு வரம்பும் உண்டு. நீங்கள் சேரும் ஆண்டில் இருக்கிறதா என்பதோடு, முடிக்கும் ஆண்டில் யார் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் என்.பி.ஏ. என்ற தேசியத் தரச்சான்று வாரியம் கொடுக்கும் சான்றிலும் டயர்-1, டயர்-2 என்று இரண்டு உண்டு. ஒப்பந்தத்தின்கீழ் வருவது டயர்-1 மட்டுமே. பட்டத்தின் பெயரில் 'இன்ஜினியரிங்' என்பதோடு 'டெக்னாலஜி' என்ற சொல்லும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தால் சில நாடுகளில் அது பொறியியல் தொழில்நுட்பர் படிப்பு. அதற்கு 2001-இல் வந்த சிட்னி ஒப்பந்தம் என்ற வேறொரு பாதை. மட்டமான படிப்பு இல்லை, ஆனால் வேறு படிப்பு. வேறு நாட்டுக்குப் போகவே மாட்டேன் என்பவரும் இந்தச் சான்றைக் கேட்பது நல்லது. வெளியாட்கள் வந்து பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போன துறைக்கும், யாருமே எட்டிப் பார்க்காத துறைக்கும் வித்தியாசம் இருக்கும்.

சரி, சான்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன? நேரில் போங்கள். பார்வையாளர்களுக்கு 'ஓப்பன் டே' என்று அழைப்பிதழ் அனுப்புவார்களே, அன்று வேண்டாம். அன்று எல்லா இயந்திரமும் பளபளக்கும், எல்லா மாணவரும் சட்டையை இஸ்திரி போட்டிருப்பார்கள். ஒரு சாதாரண வேலைநாளில், மதியத்துக்குமேல், லேப் நடக்கும் நேரத்தில் போய், பார்க்கலாமா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

உள்ளே விட்டால் இயந்திரத்தை வியக்க வேண்டாம். வாங்கியது யார் பணத்திலோ. உலோகத் துண்டை இழுத்து அறுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனை இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். உடைந்த துண்டுகள் குவிந்து கிடந்தால் அங்கே பிள்ளைகள் உடைக்கிறார்கள் என்று அர்த்தம். கிண்ணமும் கூம்புமாக அறுந்த மைல்டு ஸ்டீல், கழுத்தே சுருங்காமல் தட்டையாகப் பிளந்த வார்ப்பிரும்பு, இரண்டும் கிடந்தால் இன்னும் நல்லது. தொட்டி சுத்தமாக இருந்து இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால், அது காட்சிப் பொருள். இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று கடைசியாகச் சோதித்த நாளைக் காட்டும் அளவுத்திருத்தச் சீட்டு அதில் ஒட்டியிருக்கும், அதன் தேதியைப் படியுங்கள். நான் ஓரிடத்தில் ஐந்து ஆண்டு பழைய சீட்டைப் பார்த்தேன். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் துறைத்தலைவர். இருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கே நிற்கும் லேப் டெக்னீஷியனிடம் பேசுங்கள். எல்லோரும் அவரைத் தாண்டிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போவார்கள். என் மகள் முறை வந்தபோது (மகன் விஷயத்தில் சூடுபட்ட பிறகு) ஒரு துறையில் அவரிடம்தான் கேட்டேன்: "ஒரு பேட்ச்ல எத்தனை பேருங்க? ஒவ்வொருத்தரும் கையால செய்வாங்களா, இல்ல ஒருத்தர் செய்ய மத்தவங்க பார்ப்பாங்களா?" அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இருபது பேரும்மா. ரெண்டு பேர் செய்வாங்க, பதினெட்டு பேர் ரீடிங் எழுதிக்குவாங்க" என்றார். வேறோர் இடத்தில் அதே கேள்விக்கு ஒரு டெக்னீஷியன் சலித்துக்கொண்டார்: "எல்லாரும் செய்யறதாலதான் நான் வீட்டுக்குப் போக ஏழு மணி ஆகுது." மகளை அங்கேதான் சேர்த்தோம்.

சொல்லிக்கொடுக்கும் முறையிலும் பல்கலைக்கழகங்கள் ஒன்றுபோல் இல்லை. பட்டியல் இதைக் காட்டாது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 27 பொறியியல் மாணவர்களோடு ஒரு பரீட்சார்த்த முயற்சியைத் தொடங்கினார்: மாற்றி மாற்றி, கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை. இன்று கோ-ஆப் என்ற பெயரில் பல இடங்களில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியதே அந்த முறையில்தான். டென்மார்க்கில் 1974-இல் ஆரம்பித்த ஆல்போர் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செமஸ்டரிலும் பெரும்பகுதி நேரம் குழுவாக ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பதுதான் படிப்பு. ஜெர்மனியில் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் என்ற தனி வகையே உண்டு. அங்கே பேராசிரியர் ஆவதற்கு வெளியே வேலை பார்த்த அனுபவம் பொதுவாகக் கட்டாயம். எது உயர்ந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்து புத்தகத்தைப் பிழிந்து படிக்கும் பிள்ளையை ஆறுபேர் குழுவில் நான்காண்டு தள்ளினால் நொந்துபோகும். கழற்றி மாட்டாமல் எதுவும் மண்டையில் ஏறாத பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டுவரை வெறும் வகுப்பறை என்றால் அரியர்தான் மிஞ்சும். பெற்றவர்களுக்குத் தெரியும் தங்கள் பிள்ளை எந்த ரகம் என்று. தெரியாவிட்டால் பிள்ளையையே கேட்கலாம். கேட்பதில்லை.

வேலைவாய்ப்பு விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று போட்டிருந்தால், எந்த நூற்றில் என்று கேளுங்கள். சேர்ந்தவர்களிலா, தேறியவர்களிலா, அரியர் இல்லாமல் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் கொடுத்தவர்களிலா? அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒருவருடையது. நடுவில் நிற்பவர் என்ன வாங்கினார் என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தங்கை மகளுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ பெரிய பேரே வேண்டாமா பெரியம்மா? பேருக்கு ஒரு மரியாதை இல்லையா?" நியாயமான கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1976-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொறியியல் மட்டும் இல்லை, எல்லாப் படிப்பும். பெரிய பெயருள்ள இடங்களில் இடம் கிடைத்தும் அதைவிட எளிய இடத்துக்குப் போனவர்கள், பெரிய இடத்துக்கே போனவர்கள் அளவுக்குத்தான் சம்பாதித்தார்கள். ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய இடம் நிஜமாகவே பலன் கொடுத்தது. அவர்களுக்கு ஆள் அறிமுகம் கிடைக்க வேறு வழி இல்லை என்பது என் ஊகம். ஆகவே முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கப்போகும் ஒரு பிள்ளைக்கு நல்ல துறையும் பெரிய பெயரும் சேர்ந்தே கிடைத்தால் என் பேச்சைக் கேட்டு அதைக் கைவிட வேண்டாம். என் தங்கை மகளுக்கு அந்த நிலை இல்லை. அவள் அப்பா, அம்மா இருவருமே பொறியாளர்கள்.

இப்போது அவள் உங்கள் பக்கத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: நான்கு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே துறைச் சான்று எந்த ஆண்டுவரை, முதலாண்டில் துறை மாற முடியுமா, ஒரு லேப் பேட்சில் எத்தனை பேர். முதல் வரிசையில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு எதிரே மூன்று கட்டமும் இன்னும் காலியாக இருக்கின்றன. இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. கடைசி வரிசையில் இருக்கும் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் அன்றே அழைத்து, வியாழக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் என் கோரிக்கை சிறியது. அடுத்த ஆண்டும் பட்டியல் போடுவீர்கள். வாசகர்கள் கேட்கிறார்கள், நீங்கள் போடுகிறீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக விடுங்கள்: எந்தெந்தப் பொறியியல் படிப்புக்குத் தரச்சான்று, எந்த ஆண்டுவரை. தகவல் கொடுக்காத பல்கலைக்கழகத்துக்கு எதிரே அவற்றைக் காலியாகவே விட்டு அச்சிடுங்கள்.

மகன் படித்த இடத்தை அடையாளம் காட்ட எனக்கு விருப்பமில்லை என்பதால் என் பெயரைத் தவிர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர்